சிரிப்புக்கு உரை எழுதுபவர்

உப்பிலி எனக்கு எட்டாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். காகிதம், பிளேட், அச்சுக்கூலி, பைண்டிங் எல்லாம் சேர்த்து. இரண்டாயிரத்து மூன்றில் அது லேசான தொகை இல்லை. பள்ளிக்கூட ஓவிய ஆசிரியருக்கு எந்த ஆண்டிலும் லேசான தொகை இல்லை. கடனுக்கு அச்சடிக்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டுவிட்டு, செங்கல்பட்டில் ஓர் அச்சகத்தில் மை துடைக்கச் சேர்ந்து, கடைசியில் அந்த அச்சகத்தையே விலைக்கு வாங்கி, 'காசியம்மாள் ஆப்செட்' என்று மனைவி பெயரில் பலகை மாட்டியவன் நான். கல்யாணப் பத்திரிகை அடிக்க மாப்பிள்ளையே வந்தாலும் பாதிப் பணம் மேஜைக்கு வந்த பிறகுதான் மெஷின் ஓடும். அப்படிப்பட்டவன் உப்பிலிக்கு மட்டும் ஏன் வளைந்து கொடுத்தேன்? அவர் வரைந்த படங்களைப் பார்த்துச் சிரித்துத் தொலைத்துவிட்டேன். அவ்வளவுதான்.

அந்தக் கடன் வசூலாகாமல் குறுக்கே நின்ற ஓர் இனத்தைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன். சிரிப்புக்கு உரை எழுதும் இனம்.

உங்களுக்கு இவரைத் தெரியும். பந்தியில் யாரோ ஒரு வேடிக்கை சொல்கிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள், சிரிப்பு இலையிலிருந்து எழுந்து பாயசம் வரைக்கும் பரவிக்கொண்டிருக்கிறது. அப்போது ஒரு விரல் மேலே எழும். "அதாவது..." என்று ஒரு குரல் வரும். சிரிப்பு அங்கேயே செத்துவிழும். சினிமாக் கொட்டகையில் உங்கள் விலாவில் முழங்கையால் இடித்து, "புரிஞ்சுதா? அவர்தான் மாமனார்னு இவனுக்குத் தெரியாது" என்பவர் இவர்தான். நீங்கள் சிரித்தால் மட்டும் போதாது. சரியான காரணத்துக்காகச் சிரித்தீர்களா என்று அவர் பார்த்தாக வேண்டும். கெட்டவரா? சேச்சே. உங்களுக்கு ஆபரேஷன் என்றால் முதல் ஆளாக ரத்தம் கொடுப்பார். பிறகு கட்டிலோரம் உட்கார்ந்து, தையல் போட்ட வயிற்றோடு கிடக்கிற உங்களுக்கு, நர்ஸ் சொன்ன ஜோக்கின் உட்பொருளை எடுத்துச் சொல்வார்.

எனக்கு வாய்த்தவர் பெயர் தாமோதரன். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் உத்தியோகம். எச்சரிக்கைப் பலகைகளுக்கு வாசகம் எழுதுவது அவர் வேலை. 'தொடாதே' என்று ஒரு பலகை இருந்தால், ஏன் தொடக்கூடாது, தொட்டால் என்ன ஆகும், ஏற்கெனவே தொட்டுவிட்டவர் யாரிடம் போக வேண்டும் என்று கீழே ஒரு கட்டம் கட்டி எழுதுவார். அந்த இடத்தில் அது புண்ணியமான வேலை. யார் இல்லை என்றார்கள்?

காலையில் அவரும் உப்பிலியும் ஒரே பஸ். அதே பஸ்ஸில் வங்கிக்குப் போகிற சௌந்தரவல்லி அம்மாளும் வருவார். மூன்று பேரும் நெரிசலில் தொங்கிக்கொண்டே ஒரு திட்டம் போட்டார்கள்: பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிற மாதிரி ஒரு படக்கதைப் புத்தகம். கதை சௌந்தரவல்லி, படம் உப்பிலி. தாமோதரன்? அவர் 'ஒருங்கிணைப்பு'. கதையும் எழுதாமல் படமும் போடாமல் கூட்டத்துக்கு முதலில் வந்து உட்காருகிறவருக்கு அப்படித்தான் பெயர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் அச்சகத்தில்தான் கூடுவார்கள். டீ என் செலவு.

கதை இதுதான். மாமல்லபுரத்தில் சரிவில் நிற்கிற அந்த உருண்டைப் பாறையைப் பார்த்திருப்பீர்கள். அதன் நிழலில் ஓர் ஆடு முதுகைச் சாய்த்து நிற்கிறது. ஒரு காக்கா வந்து, "ஐயையோ, நகர்ந்துடாதே! நீ முட்டுக் கொடுக்கிறதாலதான் பாறை நிக்குது" என்கிறது. ஆட்டுக்குத் தலைகால் புரியவில்லை. ஊரைக் காப்பாற்றுகிற ஆடு! சுற்றுலா வந்தவர்கள் போட்டோ எடுக்கிறார்கள், கவுன்சிலர் மாலை போடுகிறார், படையலாகச் சுண்டல் வருகிறது. ஆட்டால் நகர முடியாது. சுண்டலைக் காக்கா தின்கிறது. கடைசிப் பக்கத்தில் ஆட்டின் மூக்கில் ஓர் ஈ. ஒரே தும்மல். ஆடு பறந்துபோய்த் தள்ளி விழுகிறது. பாறை நின்ற இடத்தில் நிற்கிறது. ஆடு பாறையைப் பார்க்கிறது. பிறகு காக்காவைப் பார்க்கிறது. தின்ற சுண்டலில் வயிறு உப்பிய காக்காவால் பறக்க முடியவில்லை. அந்தப் பக்கத்தில் ஒரு வார்த்தை கிடையாது.

நான் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி மை டப்பாவுக்குள் விழுந்தது. தாமோதரனின் விரல் எழுந்தது.

"பிரமாதம். ஆனா கிளாரிட்டி இல்லையே."

"இன்னா சார் கிளாரிட்டி?" என்றேன்.

"கல்லு ஏன் உருளலைன்னு கொழந்தைக்கு எப்படித் தெரியும்?"

"தெரிய வேணாம், தாமு. அதான் சிரிப்பே" என்றார் சௌந்தரவல்லி.

"அதைத்தான் நானும் சொல்றேன். ஏன் சிரிப்புன்னு கீழ ஒரு வரி போட்டுடலாம்."

உப்பிலி பென்சிலைக் கீழே வைத்தார். "ஒரு வரி போட்டா என் ஆடு செத்துடும்டா."

"சாகாது. வேணும்னா அதுக்கும் ஒரு குறிப்பு போட்டுடலாம்."

சிநேகிதனிடம் எத்தனை தடவை 'வேண்டாம்' சொல்வது? தினமும் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்து வைக்கிற சிநேகிதன். உப்பிலி மறுபடி பென்சிலை எடுத்துக் கட்டத்துக்கு இடம் ஒதுக்கினார். பக்கத்துக்குப் பக்கம் அடியில் ஒரு கட்டம் முளைத்தது. கடைசிப் பக்கத்துக் கட்டம் இப்படி: 'குறிப்பு: பாறையின் எடை அதன் அடிப்பரப்பின் மீதே விழுவதால் ஆடு விலகினாலும் அது உருளாது. ஆடு தன்னைப் பற்றித் தவறாக எண்ணியிருந்தது. எனவே இது நகைச்சுவை.'

"சார், இது தேவையா?" என்று மரியாதையாகத்தான் கேட்டேன்.

"நீங்க பிரிண்ட் பண்ணுங்க அண்ணாத்த. மேட்டர நாங்க பாத்துக்கறோம்."

அறுநூறு பிரதி அடித்தேன். கூடுவாஞ்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சுற்றுவட்டாரப் பள்ளிகள் சேர்ந்து இரண்டு நாள் கண்காட்சி வைத்திருந்தன. முதல் நாள் பிள்ளைகள் ஆசையாக வந்து புத்தகத்தைத் திறந்தார்கள், அடிக்கட்டத்தைப் படித்தார்கள், மரியாதையாக மூடி வைத்தார்கள். ஒருத்தி தன் டீச்சரிடம் கேட்டாள்: "மிஸ், இது பரீட்சைக்கு வருமா?"

பொது அறிவுக்கு நல்லது என்று நாலைந்து அப்பாக்கள் வாங்கிப்போனார்கள். அவ்வளவுதான் வியாபாரம்.

சாயங்காலம் உப்பிலி கட்டுகளை அச்சகத்துக்கே திருப்பிக் கொண்டுவந்தார். "மொதலாளி, மாசாமாசம் சம்பளத்துல கொஞ்சம் கொஞ்சமா கழிச்சுடறேன். இனிமே படம் போடறதா இல்லை." அவர் பஸ் பிடிக்கப் போன பிறகும் அந்தக் கடைசி வாக்கியம் என் மேஜைமேலேயே உட்கார்ந்திருந்தது. பணம் போனால் சம்பாதித்துக்கொள்வேன். நான் சம்பாதிக்காத பணமா? ஆனால் என்னைச் சிரிக்கவைத்த கை அது.

கட்டிங் மெஷின் ஆளைக் கூப்பிட்டேன்.

"ராஜாராம், அந்தக் கட்டம் எவ்ளோ ஒசரம் கீது?"

"ஒன்றரை இஞ்சு, அண்ணாத்த."

"வெட்டிடு."

"இன்னாத்த?"

"அடியில ஒன்றரை இஞ்சு. எல்லா புக்குலயும்."

அவன் ஒரு புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தான். "பக்க நம்பர் பூடும். பின்னட்டையில பத்து ரூபான்னு போட்டுக்கீது, அதுவும் பூடும்."

"வெலை போனா போவட்டும். நாளைக்குப் பதினஞ்சு ரூபா."

படித்த மூன்று பேர் மூன்று மாதம் பேசித் தீர்க்காத விவகாரம். புத்தகத்தைத் தைத்த கம்பிப் பின்னுக்குச் சற்றுக் கீழே கத்தி இறங்கியது. தாமோதரனின் மொத்த ஞானமும் பட்டைப் பட்டையாகக் கழிவுக் கூடையில் விழுந்தது. குட்டையாகிப்போன புத்தகங்களைக் காலையில் நானே வேனில் ஏற்றிக்கொண்டு போனேன்.

முதலில் ஒரு பொடியன் கடைசிப் பக்கத்தைப் புரட்டி 'களுக்' என்றான். பக்கத்தில் இருந்தவன் பிடுங்கிப் பார்த்தான். மத்தியானத்துக்குள் பள்ளிக்கூடச் சுவர் நெடுக முதுகை ஒட்டிக்கொண்டு பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். "நகராதடா டேய், ஸ்கூலே உளுந்துடும்!" மணி அடித்தும் வகுப்புக்குப் போக ஆளில்லை. தலைமையாசிரியர் பிரம்போடு வந்தார். ஒரு புத்தகத்தைப் புரட்டினார். பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பதினைந்து ரூபாயை எடுத்தார்.

உப்பிலியும் சௌந்தரவல்லியும் முன்னமே வந்து குட்டைப் புத்தகத்தைப் புரட்டிவிட்டிருந்தார்கள். சாயங்காலம் தாமோதரன் வந்தார். காலியான மேஜையைப் பார்த்தார், சுவரில் ஒட்டியிருக்கிற பிள்ளைகளைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"பாத்தீங்களா அண்ணாத்த? குறிப்பு மட்டும் இல்லேன்னா இதெல்லாம் கொழந்தைங்களுக்குப் புரிஞ்சிருக்குமா?"

கடைசிப் பிரதி அவர் கையில்தான் இருந்தது. திறக்கவில்லை. இந்த இனம் திறக்காது. உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்கு ஏற்கெனவே தெரியும். சௌந்தரவல்லி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். உப்பிலி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

நீங்கள் இப்போது சிரித்தீர்களா? சந்தோஷம். வீட்டில் யாராவது "என்ன தனியா சிரிப்பு?" என்று கேட்டால், இந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். இருந்துவிடுவீர்களா? அவர் எந்த வரியில் இருக்கிறார் என்று எட்டிப் பார்க்க மாட்டீர்களே? உதடு 'அதா...' என்று குவியாதே? குவிந்தால் ஒன்றும் வெட்கப்படாதீர்கள். உங்களுக்கும் எங்கேயோ ஒரு கத்தி தீட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கல்லாப்பெட்டி கடைசியில் ஒருங்கிணைப்பாளரிடம்தானே போய்ச் சேரும்? தாமோதரனே என்னை உட்காரவைத்து, கையை நீட்டச் சொன்னார். பக்கத்தில் உப்பிலி ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில், உயர்த்திய விரலோடு ஒரு காக்காவை வரைந்துகொண்டிருந்தார். நோட்டு நோட்டாக என் உள்ளங்கையில் விழுந்தது. ஒவ்வொரு நூறுக்கும் ஒரு விளக்கம். எட்டாயிரத்தின் கடைசி நோட்டை வைத்து, அதன் மேல் விரலால் அழுத்தி, என் முகத்தைப் பார்த்தார்.

"கணக்கு முடிஞ்சுது அண்ணாத்த. அதாவது, இனிமே உப்பிலி உங்களுக்கு ஒண்ணும் தரவேண்டியதில்லை."