மங்கி குல்லா போட்ட பையன்

குளிருக்குக் குல்லா வாங்குவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. தன்னடக்கத்தோடுதான் சொல்கிறேன். (அதை விட்டுவிட்டுச் சொன்னால் இந்தக் கட்டுரை முடியாது.) ஒரு குல்லாவால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது என்பது உண்மைதான். ஆனாலும் தப்பு குல்லாவுடையது இல்லை என்று இன்றைக்கும் சாதிப்பேன்.

அப்போது நான் ஓசூரில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் நாகரசம்பட்டி. முதல் ஷிஃப்ட் என்றால் விடிவதற்கு முன்னாலேயே கம்பெனி பஸ் வந்து நிற்கும். கிருஷ்ணகிரி தாண்டி பஸ் மேடு ஏற ஏறக் குளிரும் கூடவே ஏறும். மார்கழியில் ஓசூரில் இறங்கும்போது, காது இருக்கிறதா, பஸ்ஸிலேயே விட்டுவிட்டோமா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். துப்பட்டாவைச் சுற்றிப் பார்த்தேன். காற்று அதை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. மஃப்ளர் கட்டிப் பார்த்தேன். தூங்கும்போது அவிழ்ந்து பக்கத்து சீட்டுக்காரியின் மடிக்குப் போய்விட்டது. அவள் திருப்பித் தரவும் இல்லை.

முறையாக ஒரு குல்லா வாங்கிவிடுவது என்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு குந்தாரப்பள்ளி வாரச் சந்தைக்குப் போனேன். மாடு கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஒருவர் கம்பளித் துணிகளைக் குவித்து வைத்திருந்தார். அம்மா எடுத்து நீட்டியது ரோஸ் கலரில், உச்சியில் பந்து வைத்த குல்லா. பார்க்க அழகுதான், ஆனால் பாதிக் காதோடு நின்றுவிட்டது. எனக்கோ காது முழுக்க மூட வேண்டும், கழுத்துக்குள் இறங்க வேண்டும், அழுக்குத் தெரியக் கூடாது, முக்கியமாக நான் தலையைத் திருப்பினால் குல்லாவும் கூடவே திரும்ப வேண்டும். குவியலையே கலைத்துப் போட்டு, மாட்டு வியாபாரிகள் போடும் காப்பிப்பொடி நிறத்து மங்கி குல்லா ஒன்றைக் கண்டுபிடித்தேன். போட்டால் கண்ணும் மூக்கும் மட்டும்தான் வெளியே தெரியும்.

"இதப் போட்டா நீ ஆம்பளையா பொம்பளையான்னே தெரியாதுடி" என்றாள் அம்மா.

"நான் பொம்பளைன்னு குளிருக்குத் தெரியவா போவுது?" என்றேன்.

கடைக்காரர் உடனே என் கட்சியில் சேர்ந்துகொண்டார். அம்மா முனகிக்கொண்டே வந்தாள். அவள் சொன்னதை அன்றைக்கு நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பர்கூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பெயர் ரகு, போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். அதற்கு முன்னால் வந்ததெல்லாம் 'கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு வேலைக்குப் போகக் கூடாது' என்ற இடத்தில் முறிந்துபோயிருந்தது. ரகு மட்டும், வேலைக்குப் போவதும் போகாததும் அவங்க இஷ்டம் என்று தரகரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். போட்டோவிலும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. (நான் ரொம்ப நேரம் தேடிப் பார்த்தேன்.) கட்டினால் இவரைத்தான் என்று மனசுக்குள் முடிவே பண்ணிவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருவதற்கு முன் ஒரு வேலை நடக்கும். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் பெண்ணின் ஊருக்கு வந்து, டீக்கடை, பஸ் ஸ்டாப் என்று நின்று, தான் யாரென்று காட்டிக்கொள்ளாமல் விசாரித்துவிட்டுப் போவார். அவர் சொல்வதுதான் தீர்ப்பு. ரகு வீட்டில் அந்தப் பொறுப்பு அவருடைய தாய்மாமன் திம்மராயனிடம் இருந்தது.

அன்றைக்கு நான் பஸ் ஸ்டாப்பில் தனியாக நின்றுகொண்டிருந்தேன். கம்பெனி பேன்ட், அதற்கு மேலே என் தம்பியின் ஜெர்கின், சடையை அதற்குள் திணித்து, தலையில் மங்கி குல்லா. போதாததற்குச் சளி பிடித்துத் தொண்டை வேறு கட்டியிருந்தது. மொபெட்டில் ஒரு பெரியவர் வந்து நின்றார். முதலில் தெலுங்கில் ஆரம்பித்து, நான் விழிப்பதைப் பார்த்துத் தமிழுக்கு வந்தார்.

"ஏம்பா தம்பி, இங்கருந்து ஓசூர் கம்பெனிக்குப் போற மஞ்சுளான்னு ஒரு பொண்ணு, தெரியுமா உனக்கு?"

தம்பி இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் புத்தி வேலை செய்துவிட்டது. வந்திருப்பது பர்கூர்க்காரர். என்னைப் பற்றி விசாரிக்கிறார். என்னிடமே விசாரிக்கிறார். இப்படி ஒரு அதிர்ஷ்டம் யாருக்குக் கிடைக்கும்?

"நல்லாத் தெரியும்ங்க" என்றேன், கட்டைக் குரலில்.

அப்புறம் விட்டுக் கொடுக்கவே இல்லை. அந்தப் பெண் வேலையில் சூரப்புலி என்றேன். வேலையை மட்டும் விடச் சொல்லக் கூடாது, மற்றபடி தங்கம் என்றேன். களி கிண்டினால் ஒரு கட்டி விழாது என்றேன். (இது அண்டப்புளுகு.) எந்தப் பையனையும் ஏறெடுத்துப் பார்க்காது, எத்தனையோ பேர் பார்த்தும் பார்க்கவில்லை என்றேன். பெரியவர் உம் கொட்டக் கொட்ட எனக்கு வேகம் கூடியது. கடைசியாக, "அதக் கட்டிக்கறவன் குடுத்து வச்சவன்ங்க. எல்லாருக்கும் அந்தக் குடுப்பினை கிடைக்காது" என்று பெருமூச்சு விட்டேன்.

குளிர் காற்றில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வழியும். அன்றைக்கும் வழிந்தது. பெரியவர் என் கண்ணையே பார்த்தார். பிறகு என் தோளைத் தட்டி, "மனசத் தேத்திக்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எதற்காக அப்படிச் சொன்னார் என்று நான் யோசிக்கவே இல்லை. ஓசூர் போகிற வரைக்கும் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே போனேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் இழவு வீடு மாதிரி இருந்தது. அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

"யாருடி அந்தப் பையன்?" என்றாள்.

"எந்தப் பையன்?"

"மங்கி குல்லா போட்ட பையன். உன்னப் பத்திப் பேசிப் பேசி அழுதானாமே."

சம்பந்தம் வேண்டாம் என்று தரகர் போன் செய்திருந்தார். பெண்ணுக்காக ஒரு பையன் உருகிக்கொண்டிருக்கும்போது நாம் நடுவில் போனால் பாவம் என்று திம்மராயன் தீர்ப்பு சொல்லிவிட்டாராம். என் தம்பி அந்தப் பையனை உதைக்க ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. உள்ளே போய், குல்லாவையும் ஜெர்கினையும் மாட்டிக்கொண்டு வந்து நின்று, "இவன்தான்" என்றேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

எங்கள் வீடு நம்பியது. பர்கூர் நம்பவில்லை. பெண் வீட்டார் மூடி மறைக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா, போனது போகட்டும் என்றார். எனக்கு வந்ததே கோபம். பிடித்த மாப்பிள்ளையை இல்லாத பையனுக்காக விட்டுக் கொடுக்க நான் என்ன கேனையா? ஞாயிற்றுக்கிழமை அப்பாவை இழுத்துக்கொண்டு நேராகப் பர்கூருக்கே போனேன். போகிற இடத்தில் பெண் மாதிரியாவது இருக்கட்டும் என்று அம்மா காதில் ஜிமிக்கியைப் போட்டு அனுப்பினாள். வாசலில் நின்று, அதற்கு மேலேயே குல்லாவை இழுத்துவிட்டேன்.

கதவைத் திறந்தவர் திம்மராயனேதான். "அடப்பாவி, இங்கயும் வந்துட்டியா?" என்றார்.

"நான்தாங்க மஞ்சுளா" என்று சொல்லிக் குல்லாவை ஒரே இழுப்பாக உருவினேன். அது பாதியில் நின்றுவிட்டது. கம்பளி நூல் ஜிமிக்கியில் மாட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கண் இரண்டும் குல்லாவுக்குள், வாய் மட்டும் வெளியே. வீட்டிலிருந்த சனமெல்லாம் கூடிவிட்டது சத்தத்தில் தெரிந்தது. யாரோ கத்திரிக்கோல் எடுத்து வரச் சொன்னார்கள்.

"வெட்டாதீங்க, புதுசு" என்றேன்.

பிறகு யாரோ பக்கத்தில் வந்து, இழுக்காமல், நூலை ஒவ்வொன்றாக எடுத்துவிட ஆரம்பித்தார்கள். குல்லா கழன்றபோது எதிரே ரகு நின்றுகொண்டிருந்தார். சிரிப்பை அடக்கி அடக்கி அவர் முகம் சிவந்திருந்தது.

"மாமாகிட்ட சொன்னதெல்லாம் நெசந்தானா?" என்று கேட்டார்.

"களி மட்டும் கொஞ்சம் கூடச் சொல்லிட்டேன்" என்றேன். "வேலைய விட மாட்டேன்னது நெசம்."

"களி நான் கிண்டுவேன்" என்றார்.

தை பிறந்ததும் கல்யாணம் நடந்தது. இப்போது நாங்கள் இருப்பது ஓசூரில். வேலையை நான் விடவில்லை. ஆனால் அந்தப் பையனும் எங்களை விட்டுப் போகவில்லை. எந்த விசேஷத்துக்குப் போனாலும் திம்மராயன் மாமா, "பாவம், அந்தப் பையனுக்குக் கல்யாணம் ஆச்சாம்மா?" என்று விசாரிக்காமல் இலையில் உட்கார மாட்டார். வீட்டில் சண்டை வந்தாலோ, என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, "பேசாம உன்ன அந்த மங்கி குல்லாக்காரனுக்கே கட்டிக் குடுத்திருக்கலாம்" என்பார்.

"குடுத்திருக்கலாம்தான்" என்பேன். "அவன் என்னப் பத்தி ஒரு குறை சொன்னது கிடையாது."