மூடியில்லாத குழிக்குச் சிறந்த மனு விருது

தையல்காரர் வீட்டு வாசலில் சாக்கடை மூடி உடைந்து உள்ளே விழுந்துவிட்டது. ஆள் ஆழக் குழி. வீட்டில் வாயும் வயிறுமாக மனைவி. தெருவுக்கு வர வேண்டுமென்றால் அவள் அதை ஒட்டித்தான் கால் வைக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் தையல்காரருக்கு உயிர் போய் உயிர் வரும். "மூடி உடைந்துவிட்டது, புது மூடி போடவும்" என்று நகராட்சிக்கு மனு எழுதிக் கொடுத்தார்.

மனு திரும்பி வந்தது. மேற்படி மனுவில் அணி எதுவும் காணப்படாமையால் பரிசீலனைக்கு உகந்ததன்று என்று சிவப்பு மையில் ஒரு குறிப்பு.

விஷயம் இதுதான். புதிதாக வந்த அதிகாரி ஏதோ பயிலரங்குக்குப் போய் வந்திருந்தார். வறட்டு மனுக்களைப் படித்துப் படித்துத்தான் ஊழியர்களுக்கு நெஞ்சு மரத்துப்போனது என்று அங்கே யாரோ சொல்லிவிட்டார்களாம். வந்த வேகத்தில், இனி மனு என்றால் அணி இருந்தே ஆக வேண்டும் என்று ஆணை போட்டார். உவமைக்கு ஒரு மேசை, உருவகத்துக்கு ஒரு மேசை, உயர்வு நவிற்சிக்கு மாடியில் தனி அறை. இடம் போதாமல் குடிநீர்ப் பிரிவை மூடிவிட்டார்கள்.

தையல்காரர் என்ன செய்வார், பாவம். குழி வாய் பிளந்த முதலையைப் போல் கிடக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார். உவமை மேசை எழுத்தர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"போலன்னு எழுதியிருக்கீங்க. அப்போ உங்களுக்கே சந்தேகமா?"

"குழியில சந்தேகம் இல்ல சார்."

"முதலையில இருக்குல்ல? உறுதியா சொல்றதா இருந்தா அடுத்த மேசைக்குப் போங்க."

அடுத்த மேசையில் அவர் குழியையே முதலை ஆக்கினார். உருவகம் பிரமாதம் என்று பாராட்டி, முதலை சம்பந்தப்பட்டது என்பதால் வனத்துறைக்கு அனுப்பிவைத்தார்கள். மேற்படி முகவரியில் முதலை இல்லை என்று சான்றிதழ் வந்தது. குழியைப் பற்றி அதில் பேச்சே இல்லை. சரி, மாடிக்குப் போவோம் என்று, இந்தக் குழியில் ஊரே விழுந்துவிடும் என்று எழுதிக் கொடுத்தார். ஊரே விழும் என்றால் ஊரார் எல்லாருடைய கையெழுத்தும் வேண்டும் என்றார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, இதற்குள் அவருக்கும் ருசி பிடித்துவிட்டது. சட்டைக்கு அளவெடுத்தபடியே வந்தவர்களுக்கு உவமை எடுத்துக் கொடுத்தார். தெருவே அவரிடம் மனுவைத் திருத்திக்கொண்டு போனது. ஒரு பலகையாவது போட்டு மூடுங்களேன் என்று மனைவி கெஞ்சினாள். இரு, குழிக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்றார்.

கொடுத்தும்விட்டார். "இந்தக் குழி, பிறக்கப்போகும் என் பிள்ளைக்காக நாக்கைத் தொங்கப்போட்டுக் காத்திருக்கிறது." அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆண்டின் சிறந்த மனு என்று அறிவித்து, மேடை போட்டு, மாலையும் கேடயமும் கொடுத்தார்கள். மூடி போட்டுவிட்டால் அந்த அருமையான வரி பொய்யாகிவிடும் என்பதால், குழியை உள்ளது உள்ளபடியே பாதுகாக்கவும் அதே மேடையில் ஆணை பிறந்தது. தையல்காரரும் கைதட்டினார்.

சாயங்காலம் தெருவே அவரை அழைத்துக்கொண்டு வந்தது. கேடயத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டியபடி வந்தவர், வாசலில் கால் தவறி உள்ளே போனார்.

"ஐயோ, குழியில விழுந்துட்டேன்."

கூட்டம் கைதட்டியது. அணியே இல்லாமல் என்னமாய்ச் சொல்லிவிட்டார் என்று மளிகைக்காரர் உருகினார். எலக்ட்ரீஷியன் ஒத்துக்கொள்ளவில்லை. குரல் அவ்வளவு ஆழத்திலிருந்து வரவில்லை, ஆகவே இது உயர்வு நவிற்சிதான் என்றார். தெரு இரண்டு கட்சியாகப் பிரிந்து விவாதித்தது.

மனைவி மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்துக் கீழே விட்டாள்.

"கயிறு விட்டிருக்கேன், பிடிச்சுக்கோங்க."

கீழேயிருந்து தையல்காரர் கேட்டார்:

"கயிறுன்னு நீ எதைச் சொல்றே?"