இப்போதைக்கு பிளேட்டு மட்டும்

12.2.2025: கியர் பாக்ஸ் இறக்கி ஏற்றக் கூலி ரூ. 3,500. கிளட்ச் பிளேட் ரூ. 1,600.
25.3.2025: அதே கூலி ரூ. 3,500. பிரஷர் பிளேட் ரூ. 1,900.
9.5.2025: அதே கூலி ரூ. 3,500. ரிலீஸ் பேரிங் ரூ. 650.

ஒரே கார். ஒரே கியர் பாக்ஸ். இப்படி ஒரு பட்டியலை உண்டாக்கக்கூடிய மனிதர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் இப்போதைக்குக்காரர்கள். கஞ்சர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சன் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றி 7,650 ரூபாயோடு முடித்திருப்பான். இவர்கள் 14,650 கொடுத்துவிட்டு, மிச்சம் பிடித்த திருப்தியோடு வீட்டுக்கு வருகிறவர்கள்.

என் பக்கத்து வீட்டு அந்தோணிமுத்து இந்த இனத்தில் முதல் தரம். அவருடைய வெள்ளைக் காருக்கு வயது பதினேழு. ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்தும், வண்டி யோசிக்கும், கிளட்ச் கருகும் வாசனை வரும், பின்னால் வருகிற டவுன் பஸ்காரர் ஹாரன் அடிப்பார், இவரோ கண்ணாடியை இறக்கிவிட்டு, “ரோட்டோரம் எவனோ டயரைக் கொளுத்துறான்” என்பார். மூன்றாம் கியர் மேட்டில் தானாகக் கழன்றுகொள்ளும். அதற்கு என்ன செய்தார்? மனைவி ரோசலினைப் பழக்கிவிட்டார். மேடு வந்தால் அந்த அம்மாள் வலது கையால் கியர் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொள்வார்; இடது கையில் ஜெபமாலை ஓடும். வண்டி எந்தக் கையால் மேடேறியது என்பது இன்றுவரை முடிவாகவில்லை.

பிப்ரவரியில் மெக்கானிக் சௌகத் அலி கியர் பாக்ஸைக் கீழே இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்:

“சார், பிளேட்டு, பிரஷர் பிளேட்டு, பேரிங்கு, மூணும் போச்சு. ஒண்ணாப் போட்டுருவோம்.”

“பேரிங்கு சுத்துதுல்ல?”

“கத்திக்கிட்டே சுத்துது.”

“கத்துனா நான் ரேடியோவைக் கூட்டி வச்சுக்கிறேன். இப்போதைக்கு பிளேட்டு மட்டும் போடுப்பா.”

மார்ச்சில் வண்டி உதறிக்கொண்டு திரும்பி வந்தது. இப்போதைக்கு பிரஷர் பிளேட் மட்டும்.

இதுவரை போனது பணம். மே 8ஆம் தேதி பணயமாக இருந்தது வேறு. அவர் மகள் ரூபி கணக்கில் பட்டம் பெற்று, பி.எட். முடித்து, மூன்று வருடங்களாக வீட்டில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த பெண். நத்தம் பக்கம் ஒரு கான்வென்ட் பள்ளியிலிருந்து நேர்முகத்துக்குக் கடிதம் வந்திருந்தது. ஓர் இடம், பதினொரு பேர், காலை பத்து மணி.

“நான் பஸ்ல போயிருறேம்ப்பா” என்றாள்.

“கார் வச்சிருக்கவன் மக பஸ்ல போறதா?”

காலை 8.40க்குக் கிளம்பினோம். நானும் பின் சீட்டில் இருந்தேன். மேட்டில் வண்டி நின்றால் டயருக்குக் கல் வைப்பது என் பொறுப்பு. கோபால்பட்டி தாண்டி 9.32க்கு ‘கடக்’ என்றது. கிளட்ச் மிதி தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. பேரிங் தன் கத்தலை நிறுத்திவிட்டது.

9.36க்கு நத்தம் பஸ் வந்தது. ரூபி கையைத் தூக்கினாள்.

“செத்த நேரம் பொறும்மா, சூடு ஆறுனா எடுத்துரும்” என்றார் அப்பா. பஸ் போய்விட்டது. 9.51க்கு அடுத்த பஸ். “அஞ்சே நிமிசம்!” அதுவும் போய்விட்டது. ரோசலின் அப்போதும் கியர் கம்பியை விடவில்லை, பழக்கம்.

10.04க்கு மாங்காய் ஏற்றிய வேன் ஒன்று வந்தது. ரூபி யாரையும் கேட்கவில்லை. சேலையைச் சொருகிக்கொண்டு ஓட்டுநர் பக்கத்தில் ஏறிவிட்டாள். பள்ளிக்குள் நுழையும்போது மணி 10.41.

“ஏம்மா லேட்டு?” என்று தலைமை ஆசிரியையான சிஸ்டர் கேட்டாராம்.

“கார் நின்னுருச்சு, சிஸ்டர். ரெண்டு பஸ் வந்துச்சு. எங்கப்பா ஏற விடல.”

“கடிதம் வரும்” என்று மட்டும் சொல்லி அனுப்பினார். மே 14ஆம் தேதி ஒரு கடிதம் வந்தது: முடிவு பின்னர் தெரிவிக்கப்படும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் மிக்ஸி ஓடும் சத்தம்தான் கேட்டதே தவிரப் பேச்சுச் சத்தம் இல்லை. தாமதமாக வந்த பெண்ணை எந்தப் பள்ளி எடுக்கும்?

மனிதர் திருந்தியிருப்பார் என்றுதானே எதிர்பார்க்கிறீர்கள்? வண்டி நடுரோட்டில் நின்ற மறுநாளே சௌகத் அலி மூன்றாவது முறையாகக் கியர் பாக்ஸை இறக்கியிருந்தார்.

“சார், பெட்டி கீழதான் கெடக்கு. மூணாம் கியரையும் பாத்துருவமா?”

“அதான் இவ பிடிச்சுக்கிறாள்ல. இப்போதைக்கு பேரிங்கு மட்டும்...”

கூட வந்திருந்த ரோசலின் சொன்னார்: “என் கைக்கும் ஒரு நாளு பேரிங்கு போயிரும். அப்ப அதையும் தனியாக் கழட்டி மாத்துங்க.”

சௌகத் அலி சிரிப்பை மறைக்கக் காருக்கு அடியில் போய்விட்டார். மூன்றாம் கியர் அப்படியே இருக்கிறது.

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டில் கதவைத் தூக்கிப் பிடித்தால்தான் விழும் தாழ்ப்பாள் ஒன்று இருக்கிறதே, அந்தக் கதவைத் தூக்கிப் பிடிப்பது யார்? தட்டினால்தான் ஓடும் மோட்டாரைத் தட்டுவது யார்? உதிரிபாகம் வாங்காத வீட்டில் யாரோ ஒருவர் உதிரிபாகமாக வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் யார் என்று தெரியவில்லையென்றால், அவரைப் பழக்கியது நீங்கள்தான்.

ரூபி விஷயம் பாக்கி இருக்கிறது. பள்ளியிலிருந்து வந்த கடைசிக் கடிதத்தை அந்தோணிமுத்து தெருவுக்கே கேட்கும்படி வாசித்தார். கணக்கு ஆசிரியையாக ரூபி தேர்வு செய்யப்பட்டிருக்கிறார். அடுத்த வரியில் குரல் இறங்கிவிட்டது, மீதியை ரூபிதான் வாங்கி வாசித்தாள்: “ஜூன் 2 அன்று காலை 8.45க்குப் பணியில் சேரவும். முதலில் வரும் பேருந்தில் ஏறவும். தந்தையார் கொண்டுவந்து விடத் தேவையில்லை.”

கடிதம் வந்த நாள்: 22.5.2025, வியாழக்கிழமை.