எறும்புதின்னிக்கு விழுந்த பூஜ்ஜியம்

ஒரு காட்டில் கோடை வந்தது, குளம் குட்டையானது, உடனே ஒரு குழு அமைக்கப்பட்டது. குழுத் தலைவர் கோட்டான், பூஜ்ஜியம் முதல் ஒன்பது வரையிலான இலக்கங்களைக் குலுக்கிப்போட்டுப் பத்து விலங்குகளுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார்.

"பகா எண்களை வரிசையாக ஒட்டி வாசிப்பேன். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று என்று அது முடிவில்லாமல் நீளும். எவர் இலக்கம் வருகிறதோ அவர் ஒரு வாய் குடிக்கலாம். போகப்போகப் பத்து இலக்கங்களும் சம அளவில் வரும். நிரூபணம் இருக்கிறது."

இரண்டு மானுக்கு விழுந்தது. முதல் வாய் அதற்கே. எறும்புதின்னிக்கு விழுந்தது பூஜ்ஜியம்.

ஒன்றைப் பெற்ற நரி வயிறு தளும்ப நின்றது. மூன்றைப் பெற்ற யானையும் முறைக்கு ஒரு வாய்தான் குடித்தது. அதன் ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் ஒரு முழம் உள்வாங்கியது. எழுபத்துமூன்று வரை வாசித்தாயிற்று. எறும்புதின்னியின் நாக்கு காய்ந்த நாராகத் தொங்கியது.

"ஐயா, என் பூஜ்ஜியம்?"

"நூறைத் தாண்டட்டும், அம்மா."

"என் முறையில் அக்கா குடிக்கட்டுமே," என்றது மான்.

"கூடாது. விகிதம் கெடும்."

எறும்புதின்னி உருண்டையாகச் சுருண்டுகொண்டது. அதற்கு யோசனை வருவது அந்த நிலையில்தான். சற்றைக்கெல்லாம் தலையை நீட்டிக் கேட்டது:

"முடிவில்லாத வரிசையில் முன்பகுதியைக் கொஞ்சம் வெட்டினால் அந்தச் சமம் கெடுமா, ஐயா?"

கோட்டான் கழுத்தை முழுச் சுற்றாகத் திருப்பி யோசித்தார். "கெடாது."

"அப்படியானால் பத்தாயிரத்து ஏழிலிருந்து வாசியுங்கள். அதுவும் பகா எண்தானே."

கோட்டான் தலையசைத்தார். ஒன்று முதலிலேயே நிற்கிறது என்று நரியும் ஆதரித்தது.

"ஒன்று, பூஜ்ஜியம், பூஜ்ஜியம், பூஜ்ஜியம், ஏழு."

எறும்புதின்னி மூன்று வாய் குடித்தது. அடுத்தது பத்தாயிரத்து ஒன்பது. இன்னும் மூன்று வாய். அதன்பின் வந்த ஒவ்வோர் எண்ணிலும் அதற்குப் பங்கிருந்தது. வெகுநேரம் கழித்து, உதடு வெடித்த மான் அருகில் வந்தது.

"அக்கா, இரண்டு வரவே இல்லையே."

"பத்தாயிரத்து இருநூற்றுப் பதினொன்றில் வரும், கண்ணு," என்றது எறும்புதின்னி, வாயைத் துடைத்தபடி. "வெட்டச் சொல்வதற்கு முன்பே பார்த்துவிட்டேன். அதுவரை நிழலில் நில். இந்த வெயில் உனக்கு ஆகாது."

நீதி: முடிவிலியில் அனைவரும் சமம். தாகமுள்ளவர்கள், எண்ணத் தொடங்கும் இடத்தைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்க.