மெ.க.

பிப்ரவரி மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது இருபதுக்கு ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவின் அறிவிப்புப் பலகையில் புதிய இருக்கைப் பட்டியல் ஒட்டப்பட்டது. மொத்தம் நாற்பத்தொரு பெயர்கள். அவற்றில் ஆறு பெயர்களுக்கு எதிரே சிவப்பு மையில் 'மெ.க.' என்று எழுதியிருந்தது.

அந்த இரண்டு எழுத்துகள் பலகைக்குப் போயிருக்கவே கூடாது. வரலாற்று டீச்சர் இரண்டு பட்டியல் தயாரித்திருந்தார். ஒன்று பிள்ளைகளுக்கு, இன்னொன்று தனக்கு. வருகைப் பதிவேட்டுக்குள்ளிருந்து வகுப்புத் தலைவி உருவிக்கொண்டு போனது டீச்சருடையதை.

மெ.க. என்றால் மெல்லக் கற்போர். கல்வி அலுவலகம் வைத்த பெயர். அது வந்த பிறகு எந்தப் பிள்ளையையும் மக்கு என்று சொல்ல வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. இரண்டு எழுத்தில் காரியம் முடிந்தது.

'பி' பிரிவில் ஐந்து பேர், டீச்சர் பக்கத்தைத் திருப்புவதற்குள் படித்து முடித்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பார்கள். முப்பது பேர் தள்ளினால் நகர்வார்கள். மீதி ஆறு பேர் மணியடிக்கும்போது இரண்டாவது வரியில் இருப்பார்கள். ஒரே பாடத்தை இவர்கள் எல்லோருக்கும் நடத்துவது, ஒரே செருப்பை ஊருக்கெல்லாம் மாட்டிப் பார்ப்பதுபோல. அதனால் டீச்சர் ஒவ்வொரு பாடத்துக்கும் மூன்று விதமான தாள் எழுதுவார். யாருக்கு எந்தத் தாள் என்ற நினைவுக்காகத்தான் சிவப்பு மை.

அதை அவர் ஒளித்து வைத்ததற்குக் காரணம் உண்டு. மெ.க. பட்டியலில் இருக்கும் பிள்ளைகளுக்கு வரலாறு வேண்டாம், அந்த நேரத்தில் வாசிப்பு அறையில் எழுத்துக்கூட்டிப் பழகட்டும் என்று போன வருடம் ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. தலைமையாசிரியர் கணக்குக்காரர். வரலாறு என்பது முடிந்துபோன விஷயம், அதற்கு எதற்கு வாரத்தில் நான்கு பீரியட் என்று பல காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர். அவர் நீட்டிய படிவத்தில் டீச்சர் 'எவருமில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த ஆறு பேரும் வேறெந்த வகுப்பிலும் வாய் திறப்பதில்லை. வரலாற்றில் மட்டும், கதை சூடு பிடித்தால், எப்போதாவது ஒரு கேள்வி வரும். அந்த ஒரு கேள்வியை இழக்க டீச்சருக்கு மனமில்லை.

அவர் வகுப்புக்குள் நுழைந்தபோது பலகைக்கு முன்னால் கூட்டம் நின்றது.

"மெ.க.ன்னா என்ன டீச்சர்?" என்று முதலில் கேட்டவன் முதல் ரேங்க். தன் பெயருக்கு எதிரே எதுவும் எழுதப்படவில்லை என்பது அவனை வருத்தியது.

டீச்சர் வாயைத் திறந்தார். அதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். வகுப்பு அவளுக்கு வைத்த பெயர் டவுன் பஸ். ஒவ்வொரு சொல்லிலும் நின்று நின்றுதான் படிப்பாள், பேசுவாள். சிவப்பு மை வாங்கிய ஆறு பேரில் அவளும் ஒருத்தி.

"மெத்தக்... கற்றவர்... டீச்சர்" என்றாள்.

அந்த ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எப்போதும் பெஞ்சில் தலை சாய்த்திருக்கும் ஒருவன் நிமிர்ந்து உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

"அப்படியா டீச்சர்?" என்றான் முதல் ரேங்க்.

டீச்சர் அந்தப் பொத்தானைப் பார்த்தார்.

"ஆமா" என்றார். "உக்காரு."

அன்று மாலை மருந்துக் கடையிலிருந்து வந்த கணவரிடம் இதைச் சொன்னார். அவர் சட்டையைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "டாக்டருங்க சுருக்கி எழுதுறதை நான் தினமும் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுப் படிக்கிறேன். நீயுமா?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

வியாழக்கிழமை தொழிற்புரட்சி. அந்த ஆறு பேருக்கும் டீச்சர் எழுதி வைத்திருந்தது ஒரு படமும் ஐந்து கோடிட்ட இடங்களும். மெத்தக் கற்றவர்களுக்குக் கோடிட்ட இடம் கொடுக்க முடியாது. கொடுத்தால் முதல் ரேங்க் ஒரே பார்வையில் குட்டை உடைத்துவிடுவான். கடினமான தாள் கொடுத்தால் ஆறு பேரும் தாங்களே உடைத்துக்கொள்வார்கள். புதன்கிழமை முழுக்க ஆசிரியர் அறையில் உட்கார்ந்து மூன்று திட்டம் எழுதி மூன்றையும் கிழித்தார். கடைசியில், பள்ளிக் கதவு பூட்டும் நேரத்தில், ஒரு வழி தோன்றியது. படிப்பவர்கள் படித்துவிட்டு வந்து சாட்சி சொல்லட்டும். படிக்க முடியாதவர்கள் விசாரிக்கட்டும்.

அப்படியே ஆயிற்று. முதல் ரேங்க் மில் முதலாளி. மூன்று பக்கம் படித்து, கூண்டில் நிற்பதுபோல் மேசைக்குப் பக்கத்தில் நின்றான். எதிரே மெத்தக் கற்ற ஆறு நீதிபதிகள். அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு படம். தறிக்கு அடியில் ஊர்ந்து பஞ்சு பொறுக்கும் ஒரு குழந்தை.

உற்பத்தி எத்தனை மடங்கு பெருகியது, எத்தனை நாடுகளுக்குத் துணி போனது, காலை ஐந்திலிருந்து இரவு எட்டு வரை மில் எப்படி ஓடியது என்று முதல் ரேங்க் மூச்சு விடாமல் சொன்னான். நீதிபதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு டவுன் பஸ் கிளம்பியது.

"காலைல... அஞ்சு மணிக்கு வந்த புள்ள... ராத்திரி எட்டுக்குத்தான் போகுது. அது... எப்ப விளையாடும்?"

முதலாளி பக்கங்களைப் புரட்டினார். "அது என் தாள்ல இல்லை."

"தாள்ல இல்லைன்னா... யாரும் அதுகிட்ட... கேக்கலைன்னு அர்த்தம்."

பதினைந்து வருடமாக டீச்சர் சான்றுகளைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தார். எழுதப்படாததும் ஒரு சான்றுதான் என்பதை விளக்க அவருக்கு எப்போதும் ஒரு பீரியட் முழுதாக வேண்டியிருக்கும். இந்தப் பெண் அதை இரண்டு நிறுத்தத்தில் சொல்லிவிட்டாள். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி, எழுத எதுவும் இல்லாமல், தேதியை மறுபடி எழுதினார்.

வெள்ளிக்கிழமை டவுன் பஸ்ஸின் அப்பா வந்தார். சுவருக்கு பெயிண்ட் அடிப்பவர். செருப்பை ஆசிரியர் அறைக்கு வெளியே விட்டிருந்தார். முழங்கையில் வெள்ளைச் சுண்ணாம்பு காய்ந்திருந்தது.

"எம்பொண்ணு மெ.க.வாமே டீச்சர்."

"ஆமாங்க."

"மெத்தக் கற்றவர்னு அவ சொன்னாளாம். நீங்களும் ஆமான்னு சொன்னீங்களாம்."

டீச்சர் மேசை விரிப்பைச் சரிசெய்தார். "சொன்னேன்."

அவர் கும்பிட்டார். வரும் ஜூனிலிருந்து பெண்ணைத் தன் அக்கா வேலை பார்க்கும் பேக்கிங் கம்பெனிக்கு அனுப்புவதாக இருந்ததாகவும், இப்போது பத்தாவது முடிக்கட்டும் என்று நினைப்பதாகவும் சொன்னார். இந்த வாரம் தினமும் வீட்டில் மில்லைப் பற்றியே பேசுகிறாளாம். சாப்பாடு ஆறிப்போகிறதாம். இன்னொரு முறை கும்பிட்டுவிட்டுப் போனார்.

டீச்சர் அன்று மதிய உணவைத் திறக்கவில்லை. ஒரு பொய்க்கு இரண்டு கும்பிடு.

திங்கட்கிழமை முதல் ரேங்கின் அம்மா வந்தார். வக்கீல். டீச்சரிடம் வராமல் நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனார். தன் மகனை ஏன் மெ.க. பட்டியலில் சேர்க்கவில்லை, அதற்கு அளவுகோல் என்ன என்று கேட்டார்.

தலைமையாசிரியர் முப்பத்தொரு வருடமாகப் பெற்றோர்களைப் பார்த்தவர். இப்படி ஒரு கோரிக்கையைப் பார்த்ததில்லை.

"அம்மா, அதுக்கு உங்க பையனுக்குத் தகுதி பத்தாதே."

"தகுதியா? ஒண்ணாம் கிளாஸ்லேருந்து முதல் ரேங்க் அவன்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

வக்கீலம்மா மேலிடத்துக்கு எழுதுவேன் என்றதும் அவர் பையனின் பெயரை எழுதிக்கொண்டார். பெற்றோரே கேட்கும்போது தனக்கென்ன வந்தது என்று நினைத்தார். செய்தி பரவியது. புதன்கிழமைக்குள் பத்துப் பெற்றோர் வந்து, தங்கள் பிள்ளையும் மெ.க.தான் என்று வாதாடி, ஜெயித்துவிட்டுப் போனார்கள்.

அதன் பிறகுதான் அவருக்கு உறைத்தது. டீச்சரைக் கூப்பிட்டார்.

"எவருமில்லைன்னு எழுதிக் கொடுத்தீங்க. பலகையில இருந்த ஆறையும் சேர்த்தா பதினேழு பேர் இருக்காங்க."

டீச்சர் உண்மையைச் சொன்னார். தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. முழுதும் கேட்டார். ஒரு இடத்தில் சிரிக்கவும் செய்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதினொரு பெயர் போகட்டும், மீதி ஆறு பேர் நிஜமாகவே மெ.க.தானே என்று கேட்டார். டீச்சரால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

"வாசிக்கத் தெரியாம அதுங்க வெளியே போனா, அந்தப் பாவம் யாருக்கு டீச்சர்?"

வந்து ஒருமுறை வகுப்பைப் பாருங்கள் என்று மட்டும் டீச்சர் கேட்டார். பரீட்சை முடியட்டும், பார்க்கலாம் என்றார் அவர்.

தான் எழுதிக் கேட்டிருந்த சுற்றறிக்கையின் நகல் வீட்டுக்கு வந்ததும் வக்கீலம்மா முதல் வரியைப் படித்தார். அரை மணி நேரத்தில் பள்ளியில் இருந்தார். மகன் பெயரைத் தன் கையாலேயே அடித்தார். தன் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையை எப்படிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று, தானே சேர்த்த பட்டியலைக் காட்டிக் கேட்டார். மற்ற பத்துப் பேரும் பின்னாலேயே வந்து அடித்தார்கள். இனிமேல் பெற்றோர் கையெழுத்து இல்லாமல் யாரையும் மாற்றுவதில்லை என்று தலைமையாசிரியர் முடிவு செய்து, படிவம் அச்சிட்டார்.

டீச்சருக்கு உயிர் வந்தது. ஆறு பேரின் பெற்றோரும் கையெழுத்துப் போட மறுத்தால் போதும்.

ஆனால் படிவத்தில் இருந்த வாசகம் இது: 'மெ.க. மாணவர்களுக்கான சிறப்புத் தனிப் பயிற்சிக்கு என் பிள்ளையை அனுப்பச் சம்மதிக்கிறேன்.' மெத்தக் கற்ற பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பிப்ரவரி இருபதாம் தேதி நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். டீச்சர் இரண்டாவது பீரியட் முடித்து வருவதற்குள் நான்கு கையெழுத்து விழுந்திருந்தது. ஐந்தாவது, துணி இஸ்திரி போடும் ஓர் அம்மா. டீச்சர் அவரை நடையில் நிறுத்தினார். இந்தப் பயிற்சி நல்லதில்லை, யோசியுங்கள் என்றார்.

"பொறாமைப்படுறவங்க சொல்லலாம், நீங்க சொல்லலாமா டீச்சர்?" என்றார் அந்த அம்மா. "எங்க வீட்டுல இப்பத்தான் ஒருத்தன் தலை நிமிர்ந்து நடக்கிறான்."

உண்மையைச் சொல்ல ஒரு சொல் போதும். டீச்சரிடம் அந்தச் சொல் இருந்தது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதை விழுங்கினார். அவர் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டார். இன்னும் எங்கேயாவது போடணுமா என்றும் கேட்டார்.

கடைசியாக பெயிண்டர் வந்தார். படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியர் அறை வாசலில் நின்றார். டீச்சர் நாற்காலியைக் காட்டினார். உட்காரவில்லை. இவரிடமாவது சொல்லிவிடுவது, பெண் பேக்கிங் கம்பெனிக்குப் போனாலும் சரி, இனியும் ஏமாற்றுவதில்லை என்று டீச்சர் முடிவு செய்திருந்தார்.

"உங்ககிட்ட ஒரு உண்மை சொல்லணும். முன்னாடியே சொல்லியிருக்கணும். மெ.க.ன்னா..."

"மெல்லக் கற்போர்" என்றார் பெயிண்டர்.

டீச்சர் அவரையே பார்த்தார்.

"அவ நாலாவது படிக்கிறப்போ ரிப்போர்ட் கார்டுல போட்டிருந்தாங்க. என்னப்பா இதுன்னு கேட்டா. மெத்தக் கற்றவர்னு சொல்லிக் கொடுத்தவனே நான்தான் டீச்சர். அஞ்சு வருசமா யாராவது ஒருத்தர் இல்லைன்னு சொல்லிடுவாங்கன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். நீங்க சொல்லலை. அதுக்குத்தான் அன்னிக்கு வந்து கும்பிட்டேன்."

அவர் படிவத்தை மேசைமேல் வைத்தார். காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் பேனாவையும் வைத்தார்.

"எனக்கும் இதே மாதிரி ஒரு தாள் வந்துச்சு. எங்கப்பா சந்தோஷமாத்தான் கையெழுத்துப் போட்டாரு."

பிப்ரவரி இருபத்துமூன்றாம் தேதி, திங்கட்கிழமை, மூன்றாவது பீரியடில் ஐந்து பேர் வாசிப்பு அறைக்குச் சென்றார்கள். ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவின் வரலாற்று வகுப்பில் முப்பத்தாறு பேர் இருந்தார்கள்.