முதப்பெட்டி அண்ணாச்சியும் என் இரண்டு கடிதங்களும்

முதப்பெட்டி அண்ணாச்சியின் வேலை போனதற்குக் காரணம் நான். ஒரு பக்கக் கடிதம்தான் எழுதினேன். முப்பத்து நான்கு வருடம் கல்லூரியில் வரலாறு நடத்தியவன் என்பதால் ஒற்றுப்பிழைகூட இருக்காது. அந்தக் கடிதத்தில் தேதியும் கையெழுத்தும் மட்டும்தான் உண்மை.

தூத்துக்குடியிலிருந்து பிள்ளைகுட்டிகளோடு வெளிநாட்டுக்குக் குடிபோன வீடுகளில் பாதியாவது அவர் கையால் கட்டப்பட்டுத்தான் கப்பல் ஏறியிருக்கும். வீட்டுச் சாமான்களைக் கட்டி கண்டெய்னரில் ஏற்றும் ஒரு கம்பெனியில் அவர் மேஸ்திரி. அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. அவர் வீட்டம்மாவே அவரை 'முதப்பெட்டி' என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

காதுக்கு ஒரு பென்சில்: வலது காதில் சிவப்பு, இடது காதில் நீலம். கழுத்தில் அளவு நாடா, டாக்டரின் ஸ்டெதாஸ்கோப்பைப் போல. இடுப்பில் டேப் ஒட்டும் கருவி, இன்ஸ்பெக்டரின் துப்பாக்கியைப் போல. சாமான்களோடு பேசுவார். பிரிட்ஜைத் தட்டி, "ஏலே, அங்கன போயி ஒழுகி மானத்த வாங்கிராத" என்பார். பீரோவுக்கு மரியாதை உண்டு. "நீங்க கொஞ்சம் சாய்ஞ்சு படுங்க" என்பார்.

அவரும் அவருடைய நான்கு ஆட்களும் வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் கையில் தம்ளரோடு யாரும் நிற்கக்கூடாது. தம்ளரோடு சேர்த்து நம்மையும் காகிதத்தில் சுற்றிவிடுவார்கள். மில்லர்புரத்தில் ஒரு பெரியவர் பல்செட்டைக் கழற்றிக் கண்ணாடி தம்ளரில் போட்டு வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். திரும்பி வருவதற்குள் தம்ளர், பல்செட்டோடு டோஹாவுக்குக் கட்டப்பட்டுவிட்டது. இரண்டு மாதம் அவருக்குக் கஞ்சிதான். கம்பெனியில் வந்து சண்டை பிடித்தபோது அண்ணாச்சி அசரவில்லை.

"தம்ளர்ல கீறல் விழுந்துச்சா? அத மொதல்ல சொல்லுங்க."

சரி, முதப்பெட்டி என்ற பெயர் எப்படி வந்தது? கண்டெய்னரில் கடைசியாக ஏற்றும் பெட்டி கதவோரம் இருக்கும். போய்ச் சேர்ந்த ஊரில் கதவைத் திறந்ததும் அதுதான் முதலில் இறங்கும். அந்தப் பெட்டி வீட்டிலுள்ள பிள்ளைகளுடையதாகத்தான் இருக்கவேண்டும் என்பது அண்ணாச்சியின் சட்டம். அதில் என்ன வைப்பது என்று முடிவு செய்வதும் பிள்ளைகள்தான். பெற்றோரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொள்வார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிள்ளை சொல்லச்சொல்ல அட்டைப்பெட்டியின் உள்மடிப்பில் நீலப் பென்சிலால் எழுதுவார். எழுதியதை அவரும் அடிக்கமாட்டார், யாரையும் அடிக்க விடமாட்டார்.

இதனால் வீட்டுக்கு வீடு யுத்தம். ஓர் அம்மா கிரைண்டர்தான் முதலில் இறங்கவேண்டும் என்றார். அவர் மகனோ பின்சக்கரம் இல்லாத சைக்கிளைக் கேட்டிருந்தான்.

"ஒரு மாசம் மாவாட்டாட்டி நீங்க ஒண்ணும் ஆயிரமாட்டிய" என்றார் அண்ணாச்சி. "இவனுக்கு அங்கன தெரிஞ்சவம்னு இருக்கது இந்த சைக்கிள் ஒண்ணுதாம்லா?"

மஸ்கட் போகவிருந்த ஒரு பையன் தன் அறையின் சுவிட்ச் போர்டு வேண்டும் என்றான். இருட்டில் தடவினால் எது விளக்கு, எது மின்விசிறி என்று அவன் கைக்குத் தெரியுமாம். வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். அண்ணாச்சி மெயினை நிறுத்திவிட்டு ஸ்குரூ டிரைவரை எடுத்தார். வீட்டுக்காரர் ஓடிவந்தார்.

"ஏலே, எவம்லே என் வீட்டு சொவத்த நோண்டுனது?"

"நாந்தான். புதுசு மாட்டித்தாரேன். இது மஸ்கட்டுக்குப் போவுது."

அந்தப் பையன் மஸ்கட்டில் அதைத் தன் கட்டிலுக்கு மேலே ஆணியடித்து மாட்டிக்கொண்டானாம். கரண்டு கிடையாது. ஆனாலும் தினமும் அதில் விளக்கை அணைத்துவிட்டுத்தான் படுத்தானாம்.

இன்னொரு சட்டமும் உண்டு. எனக்கு அதில்தான் வந்தது வினை. இளவயதில் சுங்க அலுவலக வாசலில் வேலை பார்த்தவர் அவர். பெட்டிக்கு மேலே ஒட்டியிருக்கும் டிக்ளரேசனும் உள்ளே இருக்கும் சரக்கும் ஒன்றாக இருக்கவேண்டும்; இல்லாவிட்டால் பெட்டி நகராது. அதைப் பிள்ளைகளுக்கும் வைத்தார். "எங்கன போற தாயி? எத்தன நாளைக்கு?" என்று கேட்பார். பிள்ளை சொல்வதும் பெற்றோர் கம்பெனிக்கு நிரப்பிக்கொடுத்த பாரத்தில் உள்ளதும் ஒத்துப்போனால்தான் டேப்பைக் கையில் எடுப்பார்.

என் மகள் ஹெப்சி நர்ஸ். அவளுக்கு நியூசிலாந்தில் வேலை கிடைத்தது. அவளும் மருமகனும் பேத்தி ரூத்தும் என் வீட்டு மாடியில்தான் இருந்தார்கள். மாடியில் என்று பேருக்குச் சொல்கிறேன். ரூத் வளர்ந்தது கீழே, என் புத்தக அலமாரிக்கும் என் தட்டுக்கும் நடுவில். எட்டு வயது. போகமாட்டேன் என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. அந்த அழுகையை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒருநாள் வாயில் வந்துவிட்டது.

"லீவுக்குத்தான் போற மக்கா. ரெண்டு மாசம். ஒன் சைக்கிளுக்குத் தாத்தா எண்ணெய் போட்டு வைப்பேன்."

உடனே எழுந்து சாப்பிட்டாள். மகளுக்கும் மருமகனுக்கும் விசா, டிக்கெட் என்று ஆயிரம் ஓட்டம். பிள்ளை சிரித்த முகமாக இருந்ததால் அவர்களும் விட்டுவிட்டார்கள். அப்படியானால் கட்டிலை ஏன் கட்டுகிறார்கள் என்று அவள் கேட்கவேண்டாமா? மாடிக்கு வெள்ளையடிக்கப் போகிறோம் என்று அதற்கும் ஒன்று சொன்னேன்.

அவர்கள் இருவரும் வெளியே போயிருந்த நேரத்தில் அண்ணாச்சி வந்தார். கதவைச் சாத்தினார். ஐந்தே நிமிடத்தில் திறந்து என்னைப் பின்வாசலுக்குக் கூப்பிட்டார்.

"சார், பாரத்துல நெரந்தரம்னு இருக்கு. புள்ள ரெண்டு மாசம்னு சொல்லுது. அதுக்குப் பெட்டியே வேண்டாமாம், திரும்பி வந்துருவாளாம். நீங்க உள்ள போயி நெசத்தச் சொல்லிருங்க. நான் இங்கன நிக்கேன்."

"உம்ம வேலை பெட்டி கட்டுறதுதான்வே. அத மட்டும் பாரும்."

அவர் உள்ளே போய்க் கூடத்தின் நடுவில் ஒரு காலி அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார். ஆட்களும் ஆளுக்கொரு பெட்டியில் உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம் போயிற்று. நான் மிரட்டினேன், காபி கொடுத்தேன், ஆங்கிலத்தில் திட்டிப்பார்த்தேன். காபியை மட்டும் குடித்தார். கடைசியில் ரூத்தே அவரிடம் போய் நின்றாள்.

"ஏன் சும்மா உக்காந்திருக்கீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சன்னலைப் பார்த்தேன்.

"தாயி, நீ லீவுக்குப் போவல. அங்கனயே இருந்து படிக்கப் போற. அதான் நெசம்" என்றார்.

ரூத் குளியலறைக்குள் ஓடிக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டாள். நான் கதவுக்கு வெளியே நின்று சொன்னதை இப்போதும் என் காது மறக்கவில்லை. "அந்த ஆளு ஒரு மாதிரி மக்கா. கிறுக்கு. அவன்தான் பொய் சொல்லுதான். தாத்தா ஒங்கிட்டப் பொய் சொல்லுவேனா?"

அவள் கதவைத் திறந்தாள். என்னை நம்பினாள்.

அன்று மாலையே அந்தக் கடிதத்தை எழுதினேன். இந்த மேஸ்திரி சிறு குழந்தையிடம் இல்லாததைச் சொல்லிப் பயமுறுத்தினார், இப்படிப்பட்டவரை வீடுகளுக்குள் அனுப்பலாமா என்று. ஏற்கெனவே கிரைண்டர், பல்செட், சுவிட்ச் போர்டு என்று நொந்துபோயிருந்த முதலாளிக்கு ஒரு பேராசிரியரின் கடிதம் போதுமானதாக இருந்தது. மறுநாள் வேறு ஆட்கள் வந்து வாயைத் திறக்காமல் கட்டி முடித்தார்கள். கதவோரம் ஹெப்சியின் கிரைண்டர் ஏறியது.

நியூசிலாந்தில் ரூத் தன் துணிகளைப் பெட்டியிலிருந்து எடுத்து அலமாரியில் வைக்கவே இல்லையாம். பள்ளியில் பை மாட்டும் கொக்கிக்கு மேலே ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரை எழுதி ஒட்டவேண்டும். இவள் ஒட்டவில்லை. "நான் ரெண்டு மாசந்தான் டீச்சர்" என்றாளாம். கூடப்படிக்கிற பிள்ளைகளின் பெயரைக்கூடக் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. போகிற ஊரில் எதற்குத் தெரிந்துகொள்ளவேண்டும்?

இரண்டு மாதம் ஆகும்போது கண்டெய்னர் போய்ச் சேர்ந்தது. ஹெப்சி போன் செய்தாள்.

"அப்பா, கட்டில் இறங்குனதப் பார்த்துட்டா. லீவுக்கு எதுக்கு கட்டில்னு கேக்கா. என்னப்பா சொல்லட்டும்?"

போனை அவளிடம் கொடுக்கச் சொன்னேன். திரையில் அந்த முகம் வந்தது. "தாத்தா பொய் சொல்லிட்டேன்" என்றேன். அவள் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்போ அந்தப் பெட்டித் தாத்தா சொன்னதுதான் நெசமா?"

"ஆமா."

போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு என் அழைப்புக்கு வரவே இல்லை. பேசினால் பெட்டித் தாத்தாவிடம்தான் பேசுவேன் என்று சொல்லிவிட்டாளாம்.

தேடிப் போனேன். அண்ணாச்சி ஒரு பேக்கரியில் மக்ரூன் டப்பா கட்டிக்கொண்டிருந்தார். காதுகளில் பென்சில்கள் அப்படியே இருந்தன. மக்ரூன் வாங்க வருகிறவர்கள் அவரிடம் பரீட்சை எழுதவேண்டியிருந்தது. "யாரு திங்கதுக்கு? எந்த ஊருக்குப் போவுது? பஸ்சா, ரயிலா? சின்னப்புள்ள இருக்கா? அப்ப அதுக்குத் தனியா மேல வைக்கேன்." வரிசை தெருவரைக்கும் நின்றது.

அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். "அண்ணாச்சி, நான் பொய் சொன்னேன். அத மறைக்க உம்மப் பொய்யனாக்கினேன். என்னை மன்னிக்கணும்."

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மக்ரூன் நொறுங்கிரும்" என்றார். டப்பாவைக் கட்டி முடித்துவிட்டு, "புள்ள எப்படி இருக்கா?" என்றார். நான் சொல்லச்சொல்ல அவர் முகம் சுருங்கியது. வேலை போனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "அவளுக்கு முதப்பெட்டி போவலல்லா" என்றுதான் தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் என் வீட்டிலிருந்து போனில் ரூத்தோடு பேசினார். கதவைச் சாத்திக்கொண்டார். நான் வெளியே நின்றேன், இந்தமுறை ஒட்டுக்கேட்டேன்.

"எனக்கு மக்ரூன் வேணும்" என்றாள் ரூத்.

"அது வராது தாயி. முட்ட போட்டது. அந்த நாட்டு ஆபீசர் புடுங்கிருவான்."

"சரி" என்றாள். சிரித்தாள்கூட. பிறகு அவளே சொன்னாள்: "என் சைக்கிள எதிர்வீட்டு பெனிட்டாவுக்குக் குடுத்துருங்க. நான் வரமாட்டேன்லா. பெல்ல மட்டும் கழட்டி அனுப்புங்க."

எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்த அந்தச் சைக்கிளை எதிர்வீட்டுக்கு நான்தான் உருட்டிக்கொண்டு போனேன்.

பெல், அவள் பெயர் வெட்டிய எவர்சில்வர் தம்ளர், பழைய பள்ளியின் பெல்ட், என் அலமாரியிலிருந்த உலக வரைபடம். பெட்டியின் உள்மடிப்பில் எழுதியிருந்தது அவ்வளவுதான். அண்ணாச்சி அந்தப் பக்கம் திரும்பியிருந்தபோது நான் ஒரு கடிதத்தை வரைபடத்துக்குள் செருகினேன். ஒரு பக்கம், இதில் எல்லாமே உண்மை. அண்ணாச்சி பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே கையை விட்டுக் கடிதத்தை வெளியே எடுத்தார்.

"இது லிஸ்ட்ல இல்ல."

"மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கேன் அண்ணாச்சி."

"அவ கேக்கலல்லா? கேக்கட்டும், அனுப்புவோம்." சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதோடு விட்டிருக்கலாம்; அன்றைக்கே ரூத்திடமும் சொல்லிவிட்டார். "ஒங்க தாத்தா லெட்டர் ஒண்ணு வச்சாரு, எடுத்துட்டேன். எங்கிட்டதான் இருக்கு." இப்போ வேண்டாம் என்றாளாம்.

அடுத்து நான் செய்தது அவருடைய வேலைக்காக. முதலாளியைப் பார்த்து, என் கடிதம் பொய் என்று எழுதிக்கொடுத்தேன்.

"சார், நெசத்தச் சொல்லுதேன், அவரு போன பொறவுதான் என் பிரஷர் எறங்கியிருக்கு" என்றார் முதலாளி.

அவர் அறையில் ஓர் அட்டைப்பெட்டி கிடந்தது. அதைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டேன். எழுபத்து நாலு வயதில் முதுகு என்ன பாடு படும் என்று அப்போதுதான் தெரிந்தது. மூன்று நாள் போனேன். மூன்றாம் நாள் என்னிடம் படித்த ஒருவர் அங்கே ஏதோ வேலையாக வந்து, "சார், நீங்களா!" என்று பதறி, அவரும் ஒரு பெட்டியைக் கவிழ்த்தார். முதலாளி கும்பிட்டுவிட்டார். பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு மட்டும், வாரத்தில் இரண்டு நாள். மற்ற நாட்களில் அண்ணாச்சி மக்ரூனுக்குத்தான். "மக்ரூன்கிட்ட எவனும் பொய் சொல்லுததில்ல சார்" என்கிறார்.

பெட்டி போய்ச் சேர்ந்த மறுவாரம் ஹெப்சி ஒரு படம் அனுப்பினாள். பள்ளிக் கொக்கியில் ரூத்தின் பை. மேலே, கொஞ்சம் கோணலாக ஒட்டிய அவள் பெயர். பையின் வாரில் சைக்கிள் பெல். என்னோடு மட்டும் பேச்சில்லை. பேக்கரிப் பக்கம் போகும்போதெல்லாம் அண்ணாச்சி சட்டைப்பையைத் தொட்டுக் காட்டுவார். "இன்னும் கேக்கல சார்."

நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது போன் அடித்தது. ரூத்துதான்.

"தாத்தா, நீங்க எப்போ இங்க வருவீங்க? நெசத்தச் சொல்லுங்க."

அடுத்த லீவுக்கு வாரேன் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"டாக்டர் அவ்வளவு தூரம் பிளேன்ல போகக்கூடாதுன்னுட்டார் மக்கா. நான் வரமுடியாதுன்னுதான் நினைக்கேன்."

போனை வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன். வைக்கவில்லை.

"சரி. அப்போ அந்த லெட்டர அனுப்பச் சொல்லுங்க" என்றாள்.

செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு பேக்கரிக்கு நடந்தேன். சொன்னேன். அண்ணாச்சி வரிசையில் நின்றவர்களை அப்படியே நிறுத்திவைத்தார். கையை இரண்டுமுறை கழுவித் துடைத்துக்கொண்டு சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். மெழுகுத்தாள் ஒரு சுற்று, பஞ்சு ஒரு சுற்று, அட்டை ஒரு சுற்று. அந்த ஒற்றைக் காகிதத்துக்கு ஒரு முழு மக்ரூன் டப்பா. மூடி, டேப் ஒட்டி, வலது காதிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து மேலே பெரிதாக எழுதினார்: 'உடையும் சாமான். பார்த்துத் தூக்கவும்.'