மணவறையில் அவிழ்ந்த கால்கட்டு

அழகுக்காக நான் வாழ்க்கையில் ஒரே ஒரு காரியம்தான் செய்திருக்கிறேன். அதைக் கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்னர் செய்தேன். அன்றிலிருந்து அழகுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அப்போது கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை. விடிந்ததிலிருந்து கடை பூட்டும்வரை நின்ற நிலைதான். நின்று நின்று, கெண்டைக்காலில் சிலந்தி வலை பின்னியதுபோல நீலமும் சிவப்புமாக மெல்லிய நரம்புகள் தெரியத் தொடங்கின. நோவில்லை, நொடியில்லை. ஆனால் சரவணை என்ற ஊரில் பெண் பார்த்து நாளும் வைத்துவிட்டார்கள். கலியாணத்தன்று பெண்ணின் தம்பி வாசலில் வைத்து என் காலைக் கழுவுவார். ஊரே சுற்றி நின்று பார்க்கும். (என் முகத்தைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இருக்கவில்லை. இருந்திருக்க வேண்டும்.)

ஊருக்கு வரும் வழியில் பட்டணத்தில் ஒரு டாக்குத்தரிடம் போனேன். கண்ணாடியை இறக்கிக் காலைப் பார்த்தார்.

"ஊசியாலை மருந்து ஏத்தலாம். கொஞ்சம் எரியும். பிறகு கட்டுப் போடுவன், மூண்டு நாளைக்கு அவிழ்க்கவும் கூடாது, நனைக்கவும் கூடாது. முதல்லை தோல் கண்டிக் கறுக்கும். பயப்பிடாதையும், ரெண்டு மூண்டு மாசத்திலை மெல்ல மெல்ல மங்கும். சிலது திரும்பவும் வரும்."

"ஓம் டாக்குத்தர்."

"முக்கியமானது, ஒரே இடத்திலை இருக்காதையும், நிக்காதையும். அடிக்கடி நடவும். இல்லாட்டி ரத்தம் கட்டிப்போகும். கலியாணம் காட்சி ஒண்டும் கிட்டடியிலை இல்லையே?"

"சீச்சீ, இல்லை" என்றேன்.

அவர் சொன்னதில் 'மங்கும்' என்ற ஒரு சொல்தான் என் காதில் ஏறியிருந்தது. சிலேட்டை அழிப்பதுபோல நரம்பை அழித்துவிடுவார் என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு குத்துக்கும் சுள்ளெறும்பு கடித்தமாதிரி எரிந்தது. பிறகு இரண்டு காலிலும் கணுக்காலிலிருந்து முழங்கால்வரை வெள்ளைக் கட்டு.

எங்கள் தீவுக் கிராமமான இறுப்பிட்டியில் அக்கா என் காலைக் கண்டதும் கேட்டா: "என்னடா, கலியாணத்துக்கு முதலே அத்திவாரம் ஆடுதோ?"

கலியாணத்தன்று காலையில் சரவணைக்கு வள்ளத்தில் புறப்பட்டோம். எனக்கு ரத்தம் கட்டிப்போகும் என்ற பயம். வள்ளத்துக்குள் மூன்றடி முன்னே, மூன்றடி பின்னே நடந்தேன். வள்ளம் ஓட்டிய தண்டையல் கத்தினார்: "மாப்பிளை, இரும்! கடலுக்கை விழுந்தால் ஆர் தாலி கட்டுறது?"

பெண் வீட்டு வாசலில் மைத்துனர் செம்போடு குனிந்தார். வேட்டியைச் சற்று விலக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அத்தான், காலிலை என்ன?"

"மேஸ். கொழும்பிலை இப்ப மாப்பிளைமார் எல்லாரும் சப்பாத்து இல்லாமலே போடுறவை."

அவர் நம்பவில்லை. கட்டு நனைய நனையக் கழுவினார். நான் அவர் விரலில் மோதிரத்தைப் போட்டுவிட்டு மணவறைக்கு ஓடினேன்.

அங்கே சம்மணம் கட்டி இருக்கவேண்டும். கால் விண்விண் என்றது. பெண் கூறைச் சேலை மாற்ற உள்ளே போனதும் நான் எழும்பிவிட்டேன். மணவறையிலிருந்து வாசல் படலைவரை, படலையிலிருந்து மணவறைவரை நடை. நான்காவது நடையில் படலை சாத்தியிருந்தது. முன்னால் மாமனார்.

"தம்பி, எங்கை போறீர்?"

"ஒரு இடமும் இல்லை மாமா. சும்மா நடக்கிறன்."

"போன ஆவணியிலையும் ஒரு மாப்பிளை இப்பிடிச் சும்மா நடந்துதான் ஊர்காவற்றுறையிலை போய் வள்ளம் ஏறி ஓடினவன்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். நாலைந்து பேர் என்னைச் சுற்றி வளைத்தார்கள். ஐயர் நேரம் போகிறது என்றார். கட்டைக் காட்டினால் மேஸ் பொய் பிடிபடும் என்று நான் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கலியாணம் குழம்பப்போகிறது என்று எனக்கே விளங்கிவிட்டது.

அப்போது கூறையோடு வந்து நின்ற பெண், குனிந்த தலை நிமிராமல் சொன்னா:

"அப்பு, அவருக்குக் காலிலை கட்டாம், தம்பி சொன்னவன். நடக்கத்தான் வேணுமெண்டால் முதல் தாலியைக் கட்டச் சொல்லுங்கோ. பிறகு மூண்டு தரம் சுத்தி நடக்கத்தானே வேணும்."

நான் ஓடிப்போய் இருந்து தாலியைக் கட்டினேன். அவ்வளவு கெதியாக ஒருவரும் தாலி கட்டியிருக்கமாட்டார்கள்.

பிறகு இருவரும் சுற்றி நடந்தோம். முதல் சுற்றில் ஈரக்கட்டு இரண்டும் நெகிழ்ந்தன. இரண்டாம் சுற்றில் வால்போல இழுபட்டன. மூன்றாம் சுற்றில் பின்னால் வந்த மைத்துனர் அவற்றின்மேல் கால் வைத்தார். நான் முன்னே போனேன், கட்டுகள் பின்னே நின்றன. தடுக்கி விழாமல் வேட்டியைத் தூக்கினேன்.

டாக்குத்தர் சொன்னது சொன்னபடி நடந்திருந்தது. இரண்டு காலும் கத்தரிக்காய் நிறம்.

சபையில் ஒரு மனிசி பெருங்குரலெடுத்தா: "ஐயோ! பொம்பிளை வீட்டார் அடிச்சல்லோ தாலி கட்ட வைச்சிருக்கினம்!"

அன்று பின்னேரமே அந்தச் செய்தி வள்ளமேறி நயினாதீவுக்குப் போய்விட்டது.

மூன்று மாதத்தில் நரம்பெல்லாம் மங்கின. இடது காலில் மட்டும் சில திரும்பி வந்தன. (அதையும் அவர் சொல்லியிருந்தார்.) மைத்துனர் மட்டும் மறக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் எந்தக் கலியாணமானாலும், கால் கழுவ முன்னர் மாப்பிள்ளையின் வேட்டியை முழங்கால்வரை தூக்கி, எல்லாருக்கும் காட்டிவிட்டுத்தான் தண்ணீர் ஊற்ற விடுவார். போன வருஷம் எங்கள் மகளைக் கட்டவந்த வட்டுக்கோட்டை மாப்பிள்ளை, இது தீவார் சம்பிரதாயம் என்று நினைத்து, வாசலுக்கு வந்ததும் தானே வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்தியோடு நின்றார்.

"மேஸ் இல்லை" என்று மைத்துனர் சபைக்கு அறிவித்தார். என் மனைவி என்னைப் பார்த்தா. நான் எழும்பி நடந்தேன்.